சரண்ஜித் சிங்கின் பத்து ராகங்கள்: நாற்பது வருஷம் லேட்டா ஒரு ரிவ்யூ

இந்த எபிசோடை ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கிறேன். போன பொங்கலுக்கு ராசிபுரத்துல எங்க மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மொட்டை மாடி, கையில காபி, பக்கத்துல ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். ஒண்ணும் சொல்லாம ஒரு ட்ராக் போட்டேன். போட்டுட்டு, "இது எந்த வருஷம் வந்ததுன்னு சொல்லுங்க பார்க்கலாம் மாமா"ன்னு கேட்டேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லணும். முப்பது வருஷத்துக்கு மேல ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். நாமக்கல், திருச்செங்கோடு, எடப்பாடி, ஆத்தூர்னு இந்தச் சுற்று வட்டாரத்தில் மாரியம்மன் பண்டிகை, தேர்த் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் எதையும் விட்டதில்லை. ஆடி மாசம் வந்தா வீட்டுல ஆளைப் பார்க்கவே முடியாது. காது அப்படி ஒரு காது. ட்ராக் ஓட ஆரம்பித்துப் பத்து செகண்ட் கூட ஆகவில்லை, "ஹிந்தோளம்"னார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "இது இப்ப வந்ததுடா மாப்ள. லேப்டாப்புல பண்ணது. 2005க்கு மேல இருக்கும். பழசு மாதிரி இருக்கணும்னு வேணும்னே அந்த சவுண்டு வெச்சிருக்கான்."

விடை 1982. மாமா நம்பவில்லை. போனை வாங்கி அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

ஆல்பத்தின் பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. சிந்தசைசரில் பத்து ராகங்கள், எல்லாம் டிஸ்கோ தாளத்தில். வாசித்தவர் சரண்ஜித் சிங். வெளியிட்டது எச்எம்வி, அதாவது கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. வந்தது, விற்கவில்லை, மறைந்து போனது. இருபது வருஷம் கழித்து ஒரு டச்சுக்காரர் கையில் மாட்டியது. அதற்கப்புறம் உலகமே இவரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. ஆனா, தலையில் வைத்த காரணம் தப்பான காரணம்னு எனக்குத் தோணுது. இந்த எபிசோடு அதைப் பற்றித்தான்.

முதலில் ஆள் யார்னு பார்த்திடுவோம். சரண்ஜித் சிங் 1940ல் பிறந்தவர். மும்பை சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் எலக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு வாசித்த செஷன் மியூசிஷியன். காலையில் ஒரு ஸ்டுடியோ, மதியம் இன்னொரு ஸ்டுடியோ, நோட்ஸ் கையில் கொடுப்பார்கள், வாசித்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகணும். சங்கர் ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த் பியாரேலால்னு பெரிய இசையமைப்பாளர்கள் எல்லோரிடமும் வாசித்திருக்கிறார். 1971ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதில் அந்தக் கிட்டார் பூபிந்தர் சிங். டிரான்சிகார்டு என்கிற எலக்ட்ரானிக் அக்கார்டியன் நம்ம ஆள். பாட்டைக் கோடிக்கணக்கான பேர் கேட்டாச்சு. வாசித்தவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பக்கத்திலேயே இன்னொரு வேலையும் இருந்தது. கல்யாணங்களில் வாசிக்கிற சொந்த பேண்டு. அப்புறம், சினிமாப் பாட்டுகளை இன்ஸ்ட்ருமென்டலாக வாசித்து வெளியிடும் எல்பி ரெக்கார்டுகள். இந்த வகை உங்களுக்கும் தெரியும். பாடகர் குரலுக்குப் பதிலா கிட்டாரோ சாக்ஸபோனோ வாசித்துக் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் மெதுவா ஓடுமே, அதுதான். யாரும் கவனித்துக் கேட்க வேண்டாம் என்பதுதான் அந்த இசையின் வேலையே.

அப்படிப்பட்டவர் 1982ல் திடீர்னு சொந்தமா ஒண்ணு பண்றார். ஏன் அப்போ? அந்த நேரம் இந்தியா முழுக்க டிஸ்கோ பேய் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. 1980ல் 'குர்பானி' படத்துக்காக பெங்களூர்க்காரர் பிட்டு போட்ட ஒரே ஒரு பாட்டு எல்லாவற்றையும் மாற்றியது. பாடியது பாகிஸ்தானைச் சேர்ந்த பள்ளிக்கூடப் பொண்ணு நாஸியா ஹசன். அடுத்த வருஷம் அதே கூட்டணியில் 'டிஸ்கோ தீவானே'. 1982 கடைசியில் 'டிஸ்கோ டான்சர்'. நம்ம பக்கமும் அதே 1982ல்தான் 'சகலகலா வல்லவன்'. இன்னைக்கு வரைக்கும் புது வருஷம் பிறக்கிற நிமிஷத்துல தமிழ்நாட்டுல எந்தப் பாட்டு ஓடுதுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

சரண்ஜித் சிங் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையானது. சினிமா பூரா டிஸ்கோவா இருந்தது, அதே டிஸ்கோவை வைத்து வேற மாதிரி ஏதாவது பண்ணலாமேன்னு யோசித்தாராம். ராகங்களை எடுத்துக்கலாம், தபலாவை எடுத்துட்டு டிஸ்கோ பீட் வைக்கலாம். அவ்வளவுதான் ஐடியா. புரட்சி, எதிர்காலம் மாதிரி பெரிய வார்த்தை எதுவும் இல்லை.

இனி மெஷின்கள். இங்கேதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் எழுந்து உட்கார்றான், பொறுத்துக்கோங்க.

மூன்று கருவிகள். மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரிப்பு. சிங்கப்பூரில் வாங்கியவை. முதலாவது ஜூபிட்டர்-8, ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம் ஒலிக்கக்கூடிய பெரிய சிந்தசைசர். அந்தக் காலத்து விலை 5000 டாலர் பக்கம், ஒரு செஷன் வாசிப்பாளருக்கு அது சொத்து. இரண்டாவது டிஆர்-808, ட்ரம் மெஷின். இன்னைக்கு ஹிப்ஹாப் கேட்கிற எல்லாருக்கும் அந்த 808 பேஸ் ட்ரம் நெஞ்சுக்குள்ள தெரியும். மூன்றாவதுதான் கதாநாயகன், டிபி-303.

டிபி-303 ஒரு தோற்றுப்போன ப்ராடக்ட். தனியா கிட்டார் பிராக்டிஸ் பண்றவங்களுக்குக் கூட வாசிக்க ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட் வேணும் இல்லையா, அந்த ஆளுக்குப் பதிலா இந்தப் பெட்டி. 1981ன் கடைசியில் சந்தைக்கு வந்தது. ப்ரோக்ராம் பண்ணுவது கொடுமை. ஸ்வரங்களைத் தனியா உள்ளே போடணும், தாளத்தைத் தனியா போடணும், ஒன்று தப்பானா மறுபடி முதலிலிருந்து. நம்ம ஆளுங்க சொல்ற மாதிரி யூஎக்ஸ் படுமோசம். இவ்வளவும் பண்ணி முடித்தால் பேஸ் கிட்டார் சத்தமாவது வருமா என்றால் அதுவும் வராது. கொய்ங் கொய்ங்னு ஒரு ரப்பர் சத்தம்தான் வரும். 1984ல் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. மொத்தம் செய்ததே சுமார் 10,000.

ஆனா அந்தப் பெட்டியில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, ஸ்லைடு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது, மேலே இருக்கும் திருகுகள். பேட்டர்ன் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகைத் திருப்பினால் சத்தத்தின் குணமே மாறும். சிகாகோவில் செகண்ட் ஹேண்டில் இந்தப் பெட்டியை வாங்கிய ஃப்யூச்சர் என்ற மூன்று இளைஞர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1987ல் அவர்கள் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற ரெக்கார்டிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையே பெயர் பெற்றது. அப்புறம் லண்டன், மான்செஸ்டர், கோவா கடற்கரை வரைக்கும் அது போனது.

இப்போ 1982க்குத் திரும்பி வாங்க. மிடி ஸ்டாண்டர்ட் வந்ததே 1983ல். அதாவது வேற வேற மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொது மொழி இன்னும் பிறக்கவில்லை. ஆனா ரோலண்ட் தன் பெட்டிகளுக்குள் ஒரு வழி வைத்திருந்தது. 808ஐயும் 303ஐயும் ஒரு சிங்க் கேபிளில் கோத்தால் இரண்டும் ஒரே தாளத்தில் ஓடும். ஜூபிட்டரில் ஆர்பெஜியேட்டர்னு ஒரு வசதி, சில கட்டைகளைப் பிடித்துக்கொண்டால் அதுவே அவற்றை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே இருக்கும். அதையும் வெளியிலிருந்து வரும் பல்ஸ் வைத்து ஓட்டலாம். சரண்ஜித் சிங் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் தானே கண்டுபிடித்துக் கோத்திருக்கிறார். யூடியூப் டுடோரியல் இல்லை, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இல்லை, கேட்க ஊரில் ஆள் இல்லை. நம்ம பக்கம் கம்ப்யூட்டர் இசைன்னு பேச்சு பெரிசா அடிபட்டதே 1986ல் 'புன்னகை மன்னன்' வந்தபோதுதான்.

வீட்டுல பழகி முடித்து, எச்எம்வி ஸ்டுடியோவில் இரண்டே நாளில் ரெக்கார்ட் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். செஷன் ஆளுங்க அப்படித்தான், ஸ்டுடியோ நேரம் காசு.

சரி, உள்ளே என்ன இருக்கு? பத்து ட்ராக். பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. எல்லாம் இந்துஸ்தானிப் பெயர்கள். பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்த ஆட்கள்தான், வேற ஆதார் கார்டில் வந்திருக்காங்க. பூபாலி நம்ம மோகனம். யமன் நம்ம கல்யாணி. மால்கௌன்ஸ் ஹிந்தோளம். கலாவதி வலஜி. பைராகி ரேவதி. மேக் மல்ஹார் ஏறக்குறைய மத்யமாவதி. மதுவந்தி தர்மவதிக்குப் பக்கம்.

குழப்பம் இரண்டு இடத்தில்தான். இந்துஸ்தானி தோடியின் ஸ்வரங்கள் நம்ம சுபபந்துவராளி. நம்ம தோடியின் ஸ்வரங்கள் வேணும்னா அவங்க பைரவியில் தேடணும். நம்ம பைரவி இதில் எதுவுமே இல்லை. ஒரே வேரியபிள் பேர், இரண்டு ப்ராஜெக்டில் இரண்டு வேல்யூ. இதை ரீஃபேக்டர் பண்ண யாருக்கும் தைரியம் இல்லை போல.

முதல் ட்ராக் பைரவி. சிந்தசைசரிலிருந்து ஒரு இயந்திரக் குரல் 'ஓம் நமச்சிவாய' என்று சொல்லும். முதல் தடவை கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பெங்களூரிலிருந்து சேலம் வர்ற நைட் பஸ், தொப்பூர் கணவாய் இறக்கம், ஹெட்ஃபோனில் ரோபோ மந்திரம். அதுக்கப்புறம் 808 உதைக்க ஆரம்பித்தது, சிரிப்பு நின்றது. கீழே 303 ஒரு சின்ன வட்டத்தை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் ஜூபிட்டரில் கையால் வாசிக்கும் மெலடி. நடுவில் எதுவுமே இல்லை, கார்டு கிடையாது, தபலா கிடையாது, வயலின் கூட்டம் கிடையாது. 1982ல் ஒரு இந்தியப் பாட்டு இவ்வளவு காலியாக இருக்க யாராவது விட்டிருப்பாங்களா? சினிமா இசையில் காலி இடம்னாலே அது வேஸ்ட் பண்ணின காசு.

எனக்கு இந்த ஆல்பத்தில் ரொம்பப் பிடித்தது லலித். இந்த ராகத்துக்கு நம்ம பக்கம் நேரான ஜோடி கிடையாது. பஞ்சமம் இல்லை. இரண்டு மத்யமமும் ஒட்டி ஒட்டி வரும். விடியற்காலை ராகம் என்பார்கள். சாதாரணமாகக் கேட்டாலே மனசு கொஞ்சம் நிலைகொள்ளாமல் இருக்கும். அந்த ஒட்டிய இரண்டு ஸ்வரங்களையும் 303 வழுக்கிக்கொண்டே கடக்கும்போது கேளுங்க, ஏதோ ஒன்று நடக்கப்போகிறது, நடக்கவே மாட்டேங்குதுன்னு ஒரு தவிப்பு. எபிசோடில் இந்த இடத்தில் முப்பது செகண்ட் போட்டுக் காட்டினேன். படிக்கிறவங்க தேடிக் கேட்டுட்டு வாங்க, நான் எங்கேயும் போகல.

இப்போ நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்றேன். ஆல்பம் முழுக்க அப்படி இல்லை. 50 நிமிஷம் பக்கம் ஓடும் ரெக்கார்டில் தாளம் கிட்டத்தட்ட மாறவே மாறாது. ஆறாவது ட்ராக் வரும்போது கை தானாகப் போனை எடுக்கும். நம்ம காதுக்கு இன்னொரு குறையும் தெரியும், கமகம். மேல் மெலடி பல இடங்களில் ஸ்வரத்தின் மேல் நேராக நிற்கிறது, அசைவு போதவில்லை. கல்யாணியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யமன் ட்ராக் யாரோ ஸ்கேல் பிராக்டிஸ் பண்ற மாதிரி இருக்கும். மோகனத்தை மெஷின் தாளத்தோடு எப்படிக் கலக்கலாம்னு தெரியணும்னா 1988ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் வர்ணத்தில் தொடங்கும் அந்தப் பாட்டைக் கேளுங்க. சிங்கின் பூபாலி அது பக்கத்தில் வராது.

விற்கவில்லைன்னு சொன்னேன். யார் வாங்குவாங்க? கிளாசிக்கல் கேட்பவருக்கு இது தெய்வக் குத்தம். டிஸ்கோ ஆடுறவருக்குப் பாட்டும் இல்லை, பாடகியும் இல்லை, படமும் இல்லை. கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பார்? சினிமாவுக்கு வெளியே பாப் இசை என்ற அலமாரியே அப்போதுதான் மெதுவாகத் திறந்துகொண்டிருந்தது.

2002ல் எடோ போமன் என்ற டச்சு ரெக்கார்டு சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு பிரதியைப் பிடித்தார். 2010ல் தன்னுடைய பாம்பே கனெக்ஷன் லேபிளில் மறுபடி வெளியிட்டார். இணையம் கொதித்தது. ஆசிட் ஹவுஸ் பிறந்ததாகச் சொல்லும் தேதிக்கு ஐந்து வருஷம் முன்னாடி, அதே மெஷினில், அதே சத்தம்! இது டுபாக்கூர், இன்றைய மேற்கத்திய ஆள் யாரோ செய்து பழைய அட்டை ஒட்டியிருக்கான்னு ஒரு கூட்டம் சந்தேகப்பட்டது. எங்க மாமா மொட்டை மாடியில் சொன்ன அதே வார்த்தை. உண்மைதான்னு தெரிந்ததும், அடுத்த கட்டம் ஆரம்பமானது: 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர்.'

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் காரணம், அது சரித்திரப்படி தப்பு. கண்டுபிடிப்புன்னா அதிலிருந்து ஏதாவது கிளைக்கணும். சிகாகோ பையன்கள் யாரும் இந்த ரெக்கார்டைக் கேட்டதற்கு அறிகுறியே இல்லை. 303ஐ ரெக்கார்டில் பயன்படுத்தியதும் இவர் மட்டும் இல்லை. அதே 1982ல் இங்கிலாந்தின் ஹெவன் 17, அடுத்த வருஷம் ஹிட்டான ஆரஞ்சு ஜூஸின் பாட்டு என்று பாப் இசையில் அது அங்கங்கே வந்திருக்கிறது. ஃப்யூச்சர் செய்தது திருகைத் திருப்பிச் சத்தத்தையே பாட்டாக்கியது. சரண்ஜித் சிங்குக்கு மெலடிதான் பாட்டு, 303 அதற்குத் துணை. கேட்க ஒன்று போல இருக்கிறது, நோக்கம் வேற.

அப்புறம் ஏன் ஒன்று போல இருக்கிறது? இது எனக்கு ரொம்ப சுவாரசியமான கேள்வி. ராகத்துக்கு கார்டு மாற்றம் தேவையில்லை. ஒரு ஷட்ஜம் நிற்கும், மற்ற எல்லாம் அதைச் சுற்றி வரும். 303 ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும், கார்டு வாசிக்கவே தெரியாது, 16 ஸ்டெப்பில் திரும்பத் திரும்பச் சுற்றும். அதாவது அதன் ஸ்பெக் ஷீட்டில் மற்றவர்கள் குறைன்னு பார்த்த எல்லாம் ராக சங்கீதத்துக்குப் பிரச்சினையே இல்லை. சிகாகோவில் காசில்லாத பையன்கள் அதே குறைகளோடு சமாதானமானார்கள். ஒரே கட்டுப்பாடு, கிட்டத்தட்ட ஒரே டிசைன். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலேயே இரண்டு பேர் ஒரே கோடை எழுதுவதை நாம ஆபீஸில் பார்த்ததில்லையா?

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்'னு சொல்லும்போது இந்த ஆல்பத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருது? சிகாகோவிலிருந்து. அங்கே ஆசிட் ஹவுஸ் வராமலே போயிருந்தா? அப்போ இது மறுபடியும் பழைய பேப்பர் கடை ரெக்கார்டா? நம்மாளு ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிக்கிறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, எனக்கும் இருக்கு, மறுக்கல. ஆனா அந்தச் சந்தோஷத்துக்காக ரெக்கார்டை முழுசாக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

எனக்கு இது வேற ஒன்றாகக் கேட்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் எழுதிய நோட்ஸை வாசித்த ஒரு ஆள், தன் காசில் மெஷின் வாங்கி, அந்த ஒரு தடவை ஆர்க்கெஸ்ட்ராவே இல்லாமல் தனியா உட்கார்ந்து வாசித்த ரெக்கார்டு. ட்ரம்ஸ் அவர், பேஸ் அவர், மெலடி அவர். அட்டையில் அவர் பேர் மட்டும். 'தம் மாரோ தம்' பாட்டில் அடியில் கிடந்தவர் இங்கே மேலே வருகிறார். அந்தக் காலி இடம் எனக்கு இப்போ அப்படித்தான் கேட்கிறது. ஐம்பது பேர் உட்காரும் ஹாலில் ஒருத்தர்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் கீபோர்டில் விஜி மேனுவல், ட்ரம்ஸில் புருஷோத்தமன், புல்லாங்குழலில் அருண்மொழி, வயலினில் வி.எஸ். நரசிம்மன்னு இளையராஜா பாட்டுகளில் நாம முணுமுணுக்கிற இடை இசையை வாசித்த கைகள் இவை. அந்தக் காலத்து கேசட் அட்டையில் நடிகர் முகம் இருக்கும், பாடகர் பேர் இருக்கும். இவங்க பேரை நான் தெரிந்துகொண்டது ரசிகர்கள் தேடித் தேடித் தொகுத்ததிலிருந்துதான். எங்க வீட்டில் இருந்த சிடிகளில் வாசித்தவர்கள் பேர் வரிசையா அச்சாகி நான் பார்த்தது ஏ.ஆர். ரஹ்மான் அட்டைகளில்.

இதை நான் மொட்டை மாடியில் மாமாகிட்டச் சொன்னேன், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேரு கெடக்குதுடா மாப்ள. இவருக்கு மெஷின் வாங்கக் காசு எங்கிருந்து வந்துச்சு? சினிமாவுல வாசிச்ச காசு. அதையும் சேர்த்துச் சொல்லு"ன்னார். சரிதான். நான் யோசிக்கவே இல்லை. செஷன் வேலையை ஏதோ சிறைத்தண்டனை மாதிரி நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பார்வையில் அது தொழில், நல்ல தொழில், அதுதான் ஜூபிட்டரை வாங்கித் தந்தது. கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்த கைதான் இதையும் வாசித்தது.

அப்புறம் மாமா சொன்னார், "நானும் பண்ணி வெச்சிருந்தேன்."

என்ன பண்ணி வெச்சிருந்தீங்கன்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் பதிலில்லை. கடைசியில் சொன்னார். ஃப்ளாப்பி டிரைவ் வைத்த யமஹா கீபோர்டு ஒன்று அவரிடம் இருந்தது. நம்ம ஊர் உறுமி, பம்பை அடியை எல்லாம் கேட்டுக் கேட்டு அதில் ஸ்டைலாகப் ப்ரோக்ராம் பண்ணி, அதன்மேல் சொந்தமா நாலஞ்சு மெட்டு வாசித்து வைத்திருக்கிறார். மேடையில் வாசித்ததில்லையா? "எங்கே? ஜனம் கேட்கிற பாட்டைத்தானே வாசிக்கணும். மைக் செட் செக் பண்ணுறப்ப ஒண்ணு ரெண்டு தடவை வாசிச்சிருக்கேன்." அந்தக் கீபோர்டு எப்பவோ போயிடுச்சு. ஃப்ளாப்பி மூணு, பீரோவில் அத்தையின் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது.

சரண்ஜித் சிங் கதையை முடித்துவிடுகிறேன். 2010க்குப் பிறகு, எழுபது வயது தாண்டி, அதே மெஷின்களோடு ஐரோப்பாவில் மேடை ஏறினார். பேரன் பேத்தி வயசுப் பிள்ளைகள் முன்னாடி நின்று ஆடினார்கள். ஆசிட் ஹவுஸ் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாதுங்கிற மாதிரிதான் பேசுவார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

ஃப்ளாப்பி விஷயம். பெங்களூர் வந்து யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். மூணில் இரண்டு மொத்தமா அவுட், டிஸ்க்கில் பூஞ்சை. மூணாவதில் செக்டர் செக்டராக இமேஜ் எடுத்ததில் ஐந்து ஃபைலில் இரண்டு முழுசா வந்தது. ஒன்று வெறும் ரிதம். இன்னொன்று இரண்டரை நிமிஷம், பம்பை அடி மாதிரி ஒரு தாளம், மேலே ஒரு மெட்டு. ராகம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. போனில் போட்டுக் காட்டினேன். மாமா முழுசாக் கேட்டார். "டெம்போ கொஞ்சம் ஸ்பீடா ஓடுது, நான் இவ்ளோ ஸ்பீடா வெக்கல. 112 வெச்சுப் பாரு"ன்னார்.

112 வெச்சேன். எபிசோடின் கடைசியில் நீங்க கேட்டது அதுதான்.